சின்ன ஹேட்ச்பேக்கை ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹேட்ச்பேக் ஒன்றை ரேஸ் காராக மாற்றப் போவதாகச் சொன்னால், கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை குதிரைத்திறன் என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முன் சக்கர இழுவை கொண்ட சின்ன காரில் முன்னால் இருக்கும் இரண்டு டயர்கள்தான் காரை இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக் அடிக்கும்போது எடையில் பெரும்பகுதியையும் தாங்குகின்றன. பின் டயர்களுக்கு அவ்வளவு வேலை இல்லை. அதனால் எந்தப் பாகத்தில் கை வைப்பதாக இருந்தாலும், இது முன் டயர்களின் சுமையைக் குறைக்குமா, கூட்டுமா என்று பாருங்கள். எஞ்சின் சக்தி கூட்டும். ஆகவே அது வரிசையில் கடைசி.

1961இல் பிரிட்டனின் சலூன் கார் சாம்பியன்ஷிப்பை ஜான் விட்மோர் வென்றது 848 சிசி மினியில். புள்ளிகள் பிரிவுவாரியாகக் கொடுக்கப்பட்டதும் அதற்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் வளைவில் வேகத்தை விடாத கார் நேர்கோட்டில் அதைத் திரும்பச் சம்பாதிக்க வேண்டியதில்லை என்பதை அந்தக் குட்டிக் கார் நன்றாகவே காட்டியது.

ஸ்பேனருக்கு முன் விதிப் புத்தகம்

எந்தப் போட்டியில், எந்தப் பிரிவில் ஓடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு அதன் விதிகளை முழுதாகப் படியுங்கள். குறைந்தபட்ச எடை, டயர் அளவு, எந்தப் பாகத்தை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது, எல்லாம் அதில் இருக்கும். விதி சொல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பிரிவுகளில் 'அனுமதி என்று எழுதப்படாத எதுவும் தடை' என்பதுதான் அடிப்படை. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 'அனுபந்தம் ஜே' பாதுகாப்புக்கு ஒரு பொது அளவுகோல். உள்ளூர்ப் போட்டிகளும் அதைப் பின்பற்றியோ ஒட்டியோதான் விதி வகுக்கின்றன. போட்டி எதுவும் வேண்டாம், டிராக் நாட்களில் ஓட்டினால் போதும் என்பவர்களும் பாதுகாப்புப் பகுதியைப் படித்துவிடுவது நல்லது.

எந்தக் காரை எடுப்பது

துரு இல்லாத பாடி, நேராக இருக்கும் சேசிஸ், தாராளமாகக் கிடைக்கும் உதிரிபாகங்கள். இந்த மூன்றும்தான் முக்கியம். எஞ்சின் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். விபத்தில் வளைந்து நிமிர்த்திய பாடியை எத்தனை தடவை அலைன்மென்ட் செய்தாலும் அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். முன் ஸ்ட்ரட் கோபுரங்கள் (முன் சஸ்பென்ஷனின் மேல்முனை பொருந்தும் இடங்கள்), அடித்தளம், பின் அச்சு பொருந்தும் இடங்கள் ஆகியவற்றைத் துரு இருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள். ஒரே மாடலில் மூன்று கதவு, ஐந்து கதவு இரண்டும் கிடைத்தால் மூன்று கதவை எடுங்கள். எடை குறைவு, நீளமான கதவு வழியாக ரோல் கேஜுக்குள் (கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு) நுழைவதும் எளிது. சன்ரூஃப் உள்ள கார் வேண்டாம்.

கழற்றுதல்

முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சற்று நேரம் விடுங்கள். ஏர்பேக்கும் சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பிரிடென்ஷனரும் வெடிமருந்தால் இயங்குபவை. மின்சாரம் முழுதாக அடங்கிய பிறகுதான் அவற்றில் கை வைக்க வேண்டும். ஸ்டியரிங் பூட்டையும் இதே கட்டத்தில் செயலிழக்கச் செய்யுங்கள். ஓட்டத்தின் நடுவே அது பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் சீட்டுகள், கார்ப்பெட், கூரைத் துணி, ஸ்பீக்கர், ஏசி, ஸ்டெப்னி எல்லாம் வெளியே. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடையை எழுதிவையுங்கள். பின்னால் எது அவசியம், எது வீண் வேலை என்று அந்தப் பட்டியல்தான் சொல்லும். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை உலர் பனிக்கட்டி போட்டு எடுப்பது சுலபம். துண்டுகளைப் பரப்பிச் சில நிமிடம் விட்டால் தார் கண்ணாடி போல விறைத்துவிடும், சுத்தியலால் லேசாகத் தட்டினாலே சில்லு சில்லாகக் கழன்று வரும். கையுறை கட்டாயம். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது ஆவியாகும்போது வெளிவருவது கரியமில வாயு.

ஹீட்டரின் காற்றாடியை மட்டும் தூக்கி எறிய வேண்டாம். மழையில் முன் கண்ணாடி உள்பக்கம் பனித்துவிட்டால் அதைத் தெளிவாக்க வேறு வழி இருக்காது. கதவுக்குள் இருக்கும் மோதல் தடுப்புக் கம்பியையும் விதி அனுமதிக்காமல் எடுக்காதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீங்கள் கழற்றியதில் பெரும்பகுதி காரின் நடுவிலும் பின்னாலும் இருந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் அப்படியே இருக்கின்றன. மொத்த எடை குறைந்தாலும் முன்பக்கம் விழும் பங்கு கூடிவிடுகிறது. விதி இடம் கொடுத்தால் பேட்டரியைப் பக்கத்துச் சீட் இருந்த இடத்துக்கு மாற்றுங்கள், டிரைவர் சீட்டை முடிந்தவரை பின்னும் கீழுமாக வையுங்கள்.

ரோல் கேஜ், சீட், பெல்ட்

எஃப்.ஐ.ஏ. விதிப்படி கேஜ் குழாய் இணைப்புத் தையல் இல்லாத, குளிர்முறையில் இழுத்த கார்பன் எஃகாக இருக்க வேண்டும். குறைந்தபட்ச இழுவிசைத் திறன் சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன். டிரைவருக்குப் பின்னால் வளைந்து நிற்கும் முதன்மைக் கம்பிக்கு 45 மிமீ விட்டமும் 2.5 மிமீ தடிமனும், அல்லது 50 மிமீ விட்டமும் 2 மிமீ தடிமனும். மற்றக் கம்பிகளுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2 மிமீ. போல்ட் போட்டுப் பொருத்தும் கேஜ் என்றால், ஒவ்வொரு காலும் நிற்கும் இடத்தில் 3 மிமீ தடிமனும் 120 சதுர செமீ பரப்பும் உள்ள தகடு பாடியோடு வெல்டு செய்யப்பட்டு, 8.8 தர எம்8 போல்ட் குறைந்தது மூன்று போட வேண்டும். தண்ணீர்க் குழாயையும் தளவாடக் குழாயையும் வளைத்துச் செய்த 'கேஜ்' உருளும்போது நசுங்கும், இல்லாவிட்டால் வெல்டில் பிளக்கும். அதைவிடக் கேஜே இல்லாத கார் மேல்.

வெல்டு செய்பவர் ரேஸ் கேஜ் செய்து பழகியவராக இருக்கட்டும். குழாய் குழாயோடு சேரும் இடத்தில் மீன்வாய் போல வெட்டி இடைவெளியே இல்லாமல் பொருத்திய பிறகுதான் வெல்டு போட வேண்டும்; பெரிய இடைவெளியை வெல்டால் நிரப்பினால் பார்க்க நன்றாக இருக்கும், தாங்காது. கூரையை ஒட்டிய இணைப்புகளின் மேல்பக்கத்தில் டார்ச் நுழையாது என்று பலர் பாதி வட்டத்தோடு விட்டுவிடுவார்கள். காரின் தரையில் தற்காலிகமாகத் துளையிட்டுக் கேஜைக் கீழே இறக்கி, மேல்பக்கத்தை முழுதாக வெல்டு செய்து, திரும்ப ஏற்றித் தகட்டின் மேல் நிறுத்துவதுதான் முறை. வெல்டிங் நடக்கும்போது பெட்ரோல் டாங்க் காரில் இருக்கக் கூடாது. பேட்டரி, ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி) இணைப்புகளும் கழன்றிருக்க வேண்டும். கண்ணாடிகளைத் தீத்தடுப்புத் துணியால் மூடிவிடுங்கள்.

தலை, முழங்கால் படக்கூடிய கம்பிகளுக்கு அடர்த்தியான எஃப்.ஐ.ஏ. தரப் பஞ்சு சுற்ற வேண்டும். கேஜ் போட்ட காரைத் தெருவில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து, அதுவும் இதனால்தான். சின்ன மோதலிலும் தலை போய் இடிப்பது எஃகில்.

சீட் எஃப்.ஐ.ஏ.வின் 8855-1999 அல்லது 8862-2009 தரத்தில் இருக்கட்டும். பெல்ட்டுக்கு 8853-2016. இரண்டுக்கும் காலாவதி உண்டு, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பெல்ட்டில் பலர் கோட்டைவிடுவது தோள்பட்டை நாடாவின் கோணத்தில். தோளிலிருந்து பின்னோக்கிப் போகும் நாடா கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரி அளவில் இறங்கினால் நல்லது, 45 டிகிரியைத் தாண்டவே கூடாது. செங்குத்தாகத் தரையை நோக்கி இழுத்துக் கட்டினால், மோதலில் அந்த விசை முழுவதும் முதுகெலும்பை மேலிருந்து கீழாக அழுத்தும். இடுப்பு நாடா வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பு எலும்பில் பதிந்திருக்க வேண்டும். ஹெல்மெட்டோடு கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் சாதனத்துக்கும் சேர்த்தே காசு ஒதுக்குங்கள்.

தீயணைப்பு, மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: தீயணைப்பானை உலோகப் பட்டைகளால் கட்டுங்கள், அந்தப் பிடிமானம் 25 ஜி விசையைத் தாங்க வேண்டும். ஆபத்தில் எல்லாவற்றையும் அணைக்கும் கில் ஸ்விட்ச் பேட்டரியை மட்டும் துண்டித்தால் போதாது. ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரத்தில் எஞ்சின் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் அணைக்கும் வகையை வாங்கி, எஞ்சினை ஓடவிட்டு வெளியிலிருந்து இழுத்துச் சோதியுங்கள். வெளி ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் வெள்ளை ஓரமிட்ட நீல முக்கோணமும் அதில் சிவப்பு மின்னலும் இருந்தால் மார்ஷல் (டிராக்கின் பாதுகாப்புப் பணியாளர்) தேடிக்கொண்டிருக்க மாட்டார். முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி, பளிச்சென்ற நிறத்தில்.

பிரேக்

ஒரு சின்னக் கணக்கு. 1000 கிலோ கார் 150 கிமீ வேகத்திலிருந்து 70க்குக் குறையும்போது ஏறத்தாழ 680 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 70 சதவீதத்தை முன் டிஸ்க்குகள் எடுத்துக்கொண்டால், டிஸ்க் ஒன்று 5 கிலோ என்றால், ஒரே ஒரு பிரேக்கில் அதன் வெப்பநிலை 100 டிகிரி போல ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். தெரு ஓட்டத்துக்கான பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) ஏன் சில லேப்களிலேயே புகைகிறது என்பதற்கு இதுவே விடை.

பேடை அழுத்தும் காலிப்பரைப் பெரிதாக வாங்கப் பறக்க வேண்டாம். பிரேக் திரவம், பேட், காற்று, இந்த வரிசையில் போங்கள். புதிய டாட் 4 திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155. ரேஸ் திரவங்கள் 300 டிகிரியைத் தாண்டும், ஆனால் அவையும் ஈரத்தை உறிஞ்சுகின்றன, அடிக்கடி மாற்றித்தான் ஆக வேண்டும். திரவம் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் மெத்தென்று தரையைத் தொடும். பெடல் கல் போல இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் சூடு தாங்காமல் போனது பேட். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் வீண் செலவு நிறைய மிச்சமாகும்.

டிராக்குக்கான பேடில் ஆகக் கடினமானதைத் தேடாதீர்கள். எடை குறைந்த காரில் அது வேலை செய்யும் சூட்டை எட்டவே எட்டாது. புதுப் பேடைப் பழக்கும்போது மிதமான வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டிப் பல முறை பிரேக் அடித்துவிட்டு, நிறுத்தாமல் ஓட்டியே ஆறவிடுங்கள். முன் பம்பரிலிருந்து குழாய் வழியாகக் காற்றைக் கொண்டுவந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குள் விடுங்கள். ஒரு முகத்தில் மட்டும் அடித்தால் டிஸ்க் ஒருபக்கமாகக் குளிர்ந்து விரிசல் விடும். பின்னால் டிரம் பிரேக் இருந்தால் இருக்கட்டும், சரியாக அட்ஜஸ்ட் செய்து வைத்தால் போதும். பின் பிரேக்கைத் தேவைக்கு மேல் கூட்டினால் வளைவின் நுழைவில் கார் சுழன்றுவிடும்.

ஆயில், தண்ணீர், பெட்ரோல்

நீண்ட வளைவில் ஆயில், அது தேங்கும் அடித்தொட்டியான சம்பின் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் உறிஞ்சுவது காற்றை. பேரிங் போக அது போதும். சம்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து, ஆயில் அழுத்த மீட்டரோடு பெரிய சிவப்பு விளக்கும் போடுங்கள். வளைவின் நடுவே யாரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆயில் வெப்பநிலை 130 டிகிரியை விடாமல் தாண்டினால் ஆயில் கூலர் தேவை.

பல டிராக்குகளில் கிளைகால் கலந்த கூலன்ட்டுக்குத் தடை உண்டு, கொட்டினால் தரை வழுக்கும் என்பதால். தண்ணீரோடு துருத் தடுப்பான் கலந்து ஓட்டுவார்கள். பெரிய ரேடியேட்டர் வாங்கும் முன் இருக்கும் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகளைத் தகட்டால் அடைத்துப் பாருங்கள். காற்று எளிதான வழியில்தான் போகும், சந்து இருந்தால் ரேடியேட்டருக்குள் நுழையாது. எஞ்சின் மூச்சுக்குழாய்க்கு ஒரு சேகரிப்பு டப்பா: 2000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். பெட்ரோல் கால் டாங்குக்குக் கீழே போனால் வளைவில் எஞ்சின் திக்கலாம், அதை மனதில் வைத்து நிரப்புங்கள்.

சஸ்பென்ஷனும் டயரும்

லேப் நேரம் உண்மையில் குறைவது இங்கேதான்.

ஸ்பிரிங்கை அறுத்துக் காரைத் தாழ்த்துவதை மறந்துவிடுங்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டு) இருக்கும். காரை அளவுக்கு மீறி இறக்கினால் சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் வெளிமுனை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. பார்வைக்குக் கார் தரையோடு ஒட்டி நிற்கும், வளைவிலோ முன்னைவிட அதிகமாகச் சாயும். கீழ்க் கை கிடைமட்டமாகவோ அதன் வெளிமுனை சற்றுக் கீழே இறங்கியோ இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் நீளமான பால் ஜாயின்ட் போட்டுக் கையின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும்.

காசு குறைவாக இருந்தால் முதலில் நல்ல டேம்பர் (ஷாக் அப்சார்பர்), பிறகு ஸ்பிரிங். கடினமான ஸ்பிரிங்கைத் தேய்ந்த டேம்பர் அடக்காது, டயர் துள்ளிக்கொண்டே இருக்கும்.

முன்பக்க நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) 2.5 முதல் 3.5 டிகிரிக்குள் தொடங்குங்கள். ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டை நகரும் வகைக்கு மாற்றியோ, ஸ்ட்ரட் ஹப்போடு சேரும் இடத்தில் எக்சென்ட்ரிக் போல்ட் போட்டோ இதைப் பெறலாம். முன்னால் லேசான டோ-அவுட் (சக்கரங்களின் முன்விளிம்புகள் சற்று வெளிப்பக்கம் பார்ப்பது) இருந்தால் கார் வளைவுக்குள் சட்டென்று திரும்பும். பின்னால் டார்ஷன் பீம் அச்சு (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் முறுகக்கூடிய குறுக்குச் சட்டம்) என்றால், சக்கரம் சுழலும் ஸ்டப் ஆக்சிலுக்கும் பீமுக்கும் நடுவே சரிவான தகடு வைத்துத்தான் கேம்பரை மாற்ற முடியும்.

முன் சக்கரக் காரின் பெரிய நோய் அண்டர்ஸ்டியர்: ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளியே போய்க்கொண்டே இருக்கும். முன்பக்கத்தை இறுக்கினால் இது மோசமாகும். பின்பக்கத்தை இறுக்க வேண்டும், அதாவது கனமான பின் ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இரு பக்கச் சஸ்பென்ஷனையும் இணைக்கும் கம்பி), கடினமான பின் ஸ்பிரிங். அப்போது எடை மாற்றத்தில் கூடுதல் பங்கைப் பின் டயர்கள் ஏற்று, முன் டயர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். நன்றாக அமைந்த ஹேட்ச்பேக் வளைவில் உள்பக்கப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கும். புகைப்படத்தில் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறிதான். இப்படிப்பட்ட காரில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டால் பின்பக்கம் வெளியே வரும். பழகும்வரை ரோல் பாரை மென்மையான நிலையில் வைத்து ஓட்டுங்கள்.

நாலு சக்கரத்தின் எடையையும் தராசில் பார்க்கும்போது டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும், ஓட்டத்துக்குரிய பெட்ரோலும் இருக்க வேண்டும், ரோல் பார் இணைப்புகள் கழன்றிருக்க வேண்டும். மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரு சக்கரங்களின் எடையைக் கூட்டினால் மொத்தத்தில் பாதிக்குப் பக்கமாக வரவேண்டும்.

சரி, அமைத்தது சரியா என்று எப்படித் தெரியும்? டயரிடம் கேளுங்கள். நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு, ஆறவிடாமல் பிட்டுக்குள் வந்தவுடன் ஊசி வெப்பமானியை ரப்பருக்குள் செருகி உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் எடுங்கள். உள்பக்கம் 5 முதல் 10 டிகிரி கூடுதலாக இருந்தால் கேம்பர் ஏறக்குறைய சரி. வெளிவிளிம்பு அதிகம் கொதித்தால் கேம்பர் போதவில்லை. நடுப்பகுதி மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். அகச்சிவப்புத் துப்பாக்கி மேற்பரப்பை மட்டுமே காட்டும், பிட் லேனில் வருவதற்குள் அது ஆறிவிடும், நம்ப வேண்டாம். காற்றழுத்தத்தைச் சூடான நிலையில் அளந்து சரிசெய்யுங்கள். காலையில் குளிர்ந்த டயரில் எத்தனை வைத்தீர்கள் என்பதையும் குறித்துக்கொண்டால் அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் வளைவின் வெளியேற்றத்தில் உள் முன் சக்கரம் வீணாகச் சுற்றினால் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் பாகம்) நேரம் வந்துவிட்டது. பல்சக்கர வகை மென்மையானது, பராமரிப்பு அதிகம் கேட்காது. தட்டு வகை பலமாகப் பிடிக்கும், ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும், அவ்வப்போது பிரித்துத் தட்டுகளை மாற்ற வேண்டும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு முதல் வகையே போதும் என்பது என் கருத்து.

டிராக்கில் முதல் நாள்

முந்தின நாளே ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். முதல் ஓட்டம் மெதுவாக இரண்டு மூன்று லேப் மட்டும். உள்ளே வந்து பானெட்டைத் திறந்து ஒழுகல் பாருங்கள், சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், வீல் பேரிங்கை ஆட்டிப் பாருங்கள், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறைகள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்தையும் பிரேக் அதிகம் தொடாத ஒரு லேப்போடு முடியுங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூடான பின் பிரேக் அப்படியே பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். காற்றழுத்தம், ரோல் பார், டேம்பர் மூன்றையும் சேர்த்து மாற்றினால் நேரம் குறைந்தாலும் எதனால் என்று தெரியாது.

கடைசியில் எஞ்சின்

அடுத்தடுத்த லேப்கள் அரை நொடி வித்தியாசத்துக்குள் வரத் தொடங்கிய பிறகு எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம். அதற்குமுன் சக்தி கூட்டினால் அது கொடுத்த நேரம் எது, நீங்கள் ஓட்டியதில் கிடைத்த நேரம் எது என்று பிரிக்க முடியாது. அப்போதும் முதலில் குளிர்ந்த காற்று எஞ்சினுக்குள் போக வழி, அடைப்பில்லாத எக்ஸாஸ்ட், அதற்கேற்ற ஈசியு மேப்பிங், இவ்வளவு போதும். விதி அனுமதித்தால் கேம்ஷாஃப்டை (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றுவதற்கு முன் ஃபைனல் டிரைவ் விகிதத்தை (எல்லாக் கியர்களுக்கும் பொதுவான கடைசிப் பல்சக்கர விகிதம்) பாருங்கள்: தெருவுக்கான நீண்ட கியரிங் கொண்ட கார் பல டிராக்குகளில் கடைசி கியரைத் தொடுவதே இல்லை. அந்தக் கியர் நீண்ட நேர்கோட்டின் முடிவில் உச்ச ஆர்பிஎம்மைத் தொடும்படி விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால், எஞ்சினைத் திறக்காமலேயே ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் கார் முன்னைவிடச் சுறுசுறுப்பாக வேகமெடுக்கும்.